சென்னியம்மாளுக்கு வந்த சர்க்கரை

தன் கட்டையில் உயிர் இருக்கும்வரை பக்கத்துக் காட்டுப் பூவாத்தாள் வீட்டு ஆள் ஒருத்தரும் தன் வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது என்று தங்கசாமி அறிவித்தார். ஜேடர்பாளையத்தை ஒட்டிய அந்தத் தோட்டத்து வீட்டில் இதைக் கேட்க இருந்தவர்கள் இருவர்தான். ஒன்று மனைவி சென்னியம்மாள், மற்றொன்று எருமை. எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

விரோதம் ஒரு தென்னை மரத்தால் வந்தது. மரம் நின்றது தங்கசாமியின் வரப்பில். சாய்ந்தது பூவாத்தாள் காட்டுக்குள். தண்ணீரை இங்கே குடித்துவிட்டுக் காயை அங்கே போட்டது. விழுந்த காய் திரும்பி வந்த வரலாறு இல்லை. பூவாத்தாளோடு பேச்சை நிறுத்திய தங்கசாமி, பிறகு அந்த மரத்தை நேராகப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

இப்போதைய அறிவிப்புக்குக் காரணம் அரசாங்கம். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிற, மாத்திரையும் கொண்டுவந்து தருகிற வேலைக்கு, ஊரில் அத்தனை பெண்கள் இருக்க, பூவாத்தாளின் மருமகள் நர்மதா வந்திருந்தாள்.

"நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வாராளாமாங்க" என்றாள் சென்னியம்மாள்.

"வரட்டும். வாசப்படியத் தாண்டுனா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"உங்க கால் கட்டைவிரலச் சித்தெ காட்டுனா என்னங்க? ஆடி மாசத்துலிருந்து ஆறாம இருக்குது."

"அது செருப்புக் கடிச்சது."

"நீங்கதான் செருப்பே போடமாட்டீங்களே?"

"அன்னைக்கு ஒரு நாள் போட்டேன். அதான் கடிச்சிருச்சு."

சென்னியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தங்கசாமியின் அண்ணனுக்கு ஒரு முறை காலில் கருவேல முள் ஏறியது. புண் ஆறவில்லை. இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம், வெங்காயம் பிடுங்கிவிட்டுப் போவோம் என்று இருந்து, ஒரு நாள் நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேதான் சர்க்கரை என்றார்கள். முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்றார்கள். காலை எடுத்தார்கள். அடுத்த வெங்காயம் பிடுங்கும்போது அண்ணன் இல்லை.

இதில் தங்கசாமி கண்டுபிடித்த நியாயம் ஒன்று உண்டு. சர்க்கரை பார்க்கும்வரை அண்ணனுக்குக் கால் இருந்தது. பார்த்த பிறகு இல்லை. ஆகவே பார்க்கக் கூடாது.

மறுநாள் நர்மதா தோளில் பையோடு வந்தாள். தங்கசாமி வாசப்படிக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுக் காவல் படுத்திருந்தார். சென்னியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், களத்தில் வேப்பமரத்தடியில் போட்டாள்.

"இங்கயே உக்காரு சாமி. உங்க மாமன் வெலக்குனது வாசப்படியத்தான். வேப்பமரத்த இல்ல."

தங்கசாமிக்குச் சட்டத்தில் ஓட்டை விட்டது அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் களத்திலிருந்து ஓர் அலறல் வந்தது. ஓடினார். சென்னியம்மாள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி குத்தோணுமாமாங்க! எனக்கு ஒதறுதுங்க! நான் மாட்டேன்!"

"இத்துனூண்டு ஊசிக்கா இந்தக் கூப்பாடு? மானம் போகுது போ."

"உங்களுக்கென்ன, வாயில சொல்லிப்போட்டீங்க. குத்திப் பாத்தாத்தான் தெரியும்."

பூவாத்தாளின் மருமகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதை அந்திக்குள் தென்னைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தங்கசாமி விரலை நீட்டினார்.

"குத்து. இவ பாக்கட்டும்."

நர்மதா குத்தினாள். ரத்தத்தைத் தொட்டு மிஷினில் வைத்தாள்.

"பாத்தியா? எறும்பு கடிச்ச மாதிரி. இப்ப நீ நீட்டு."

சென்னியம்மாள் நீட்டினாள், ஆச்சரியமாக, சத்தமே போடாமல். பெண்கள் இருவரும் மிஷினைப் பார்த்தார்கள். சென்னியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"கூடத்தானுங்க மாமா இருக்குது. டாக்டரப் பாத்தே ஆகோணும்" என்றாள் நர்மதா. யாருக்கென்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் சென்னியம்மாள் பெரிதாக அழுதுவிட்டாள். யாருக்குக் கூட என்று தங்கசாமி கேட்கவில்லை. அழுகிறவளுக்குத்தானே கூட இருக்கும்?

அன்றிலிருந்து தங்கசாமி வேறு ஆளானார். சென்னியம்மாள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். வேட்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. வெல்லப் பானையைத் தூக்கிப் போய் எருமைக்கு வைத்தார். எருமைக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. காபிக்குச் சர்க்கரை போடுவது நின்றது.

"உங்களுக்காவது போட்டுக் குடுக்கறனுங்க."

"நீ வெறுங்காபி குடிக்கறப்ப நான் இனிப்பாக் குடிச்சா அது தொண்டையில எறங்குமா?"

காலையில் நடக்க வேண்டுமாம். தனியாக நடக்கப் பயமாம். தடுப்பணை வரைக்கும் துணைக்கு நடந்தார். வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். ஆனால் தான் மட்டும் செருப்புப் போட்டு நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். அவரும் போட்டார்.

"புண்ணு வந்தா மருந்து கட்டப் பழகிக்கோணும்னு நர்மதா சொன்னாளுங்க. எனக்குப் புண்ணே இல்ல. உங்க காலச் சித்தெ குடுங்க, பழகிக்கறேன்."

"பழகிக்க, பழகிக்க" என்று காலை நீட்டினார்.

அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்து, "தங்கசாமி!" என்று கூப்பிட்டாள்.

யார் போனாலும் ரேஷன் கடையில்கூட அவர் பேரைத்தான் கூப்பிடுவார்கள். "உன்னத்தான். போ, போ" என்று மனைவியைத் தள்ளினார்.

"தங்கசாமி நீங்கதானுங்க?"

"நாந்தானுங்க. சீக்காளி இவதானுங்க."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் உள்ளே நர்மதா எழுதி அனுப்பிய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர். "நீங்க வந்து காலை நீட்டுங்க."

தங்கசாமி திரும்பிப் பார்த்தார். சென்னியம்மாள் சுவரில் இருந்த சொட்டு மருந்துக் குழந்தைப் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கட்டைப் பிரித்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்காங்க. சரியான நேரத்துல வந்தீங்க. மாத்திரையை விடாமப் போட்டா ஆறிரும். காலுக்கு ஒண்ணும் ஆகாது."

நாமக்கல்லில் அண்ணனுக்குச் சொல்லாத வார்த்தை அது. தங்கசாமி கட்டைவிரலை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

பஸ் நிறுத்தத்தில் வாய் திறந்தார்.

"என்னைய ஏமாத்திப்போட்ட."

"ஆமாங்க."

"உனக்குன்னு நெனச்சு நான் பட்ட பாடு!"

"எனக்குன்னா நீங்க ஓடி ஓடிப் பாப்பீங்க. உங்களுக்குன்னா பாக்கமாட்டீங்க. உங்களுக்குப் பூவாத்தா மேல கோவமில்லீங்க. உங்கண்ணன் காலு கண்ணு முன்னால நிக்குது. அந்தப் பயத்துக்கு வாசப்படியில கட்டில் போட்டா ஆகுமுங்களா?"

தங்கசாமி வழக்கமாகச் செய்வதைச் செய்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார். பூவாத்தாள், தென்னை, அடுத்தது சென்னியம்மாள்.

மறுநாள் நர்மதா மாத்திரையோடு களத்தில் வந்து நின்றாள். ஏமாற்றியவர்களுக்குத் தண்டனை கொடுக்க அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு வழிதான்.

"எனக்கு வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார் எருமையைப் பார்த்து.

சென்னியம்மாள் சண்டை போடவில்லை. "எடுத்துட்டுப் போ சாமி. உங்க மாமியாளுக்கும் இதே மாத்திரைதான? எங்க ஊட்டுப் பேருல வாரதெல்லாம் கடைசியில உங்க பக்கந்தான விழுவுது. தேங்காயாட்டமே இதுவும் போகட்டும்."

"அதெப்படிங்கத்தை, அவங்கவங்க மாத்திரை அவங்கவங்களுக்..." என்று தொடங்கிய நர்மதா, சென்னியம்மாளின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தங்கசாமி எழுந்து வந்து மாத்திரை அட்டையைப் பிடுங்கினார்.

"உங்க மாமியாளுக்கு எத்தன வேள?"

"காலையில மட்டுந்தானுங்க மாமா."

"எனக்கு?"

"காலையிலயும் ராத்திரியும்."

பூவாத்தாளைவிட ஒரு வேளை கூட. தங்கசாமி வெகு காலத்துக்குப் பிறகு தென்னை மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சென்னி, தண்ணி கொண்டா!"

சொம்போடு அவள் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.