ரிஜெக்ட் அண்ணன் சேற்றில் விரித்த துணி

திருப்பூரில் பனியன் துணியை உடம்பில் போடுகிறவர்கள் உண்டு. கப்பலில் போடுகிறவர்கள் உண்டு. ஜீப் சக்கரத்துக்கு அடியில் போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ரிஜெக்ட் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி ராயபுரத்தில் விசாரித்தால் அவர் வீட்டுக்காரம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

நான் டெம்போ ஓட்டுகிறவன். நிட்டிங்கில் துணி ஏற்றி, சாயம் போடும் டையிங்கில் இறக்குவேன். எட்டாவது வரை படித்தேன். பேச்சு கம்மி. எழுத்து அதைவிடக் கம்மி. ஆனாலும் இந்த ஆளைப் பற்றி எழுதி வைக்காவிட்டால், பிறகு வாயால் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அவருக்கு ராயபுரத்தில் சின்ன நிட்டிங் யூனிட். நூலைத் துணியாக ஓட்டித் தரும் பழைய மிஷின்கள் நாலு. ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். எண்ணெய் சிந்தினால் கறை விழும். கம்பெனிக்காரர்கள் அந்த ரோலைத் திருப்பி அனுப்பி விடுவார்கள். மற்ற யூனிட்காரர்கள் அதை எடைக்குப் போடுவார்கள். இவர் ஜீப்பில் போடுவார்.

ஜீப்புக்குக் கதவு கிடையாது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். வலது பக்கம் திருப்பினால், நாமே அழுத்தினாலும் அடிக்காது. என்ன கலர் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் மூன்று பேர் சேற்றில் வண்டி ஓட்டப் போவோம். ரிஜெக்ட் அண்ணன், நான், எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் சண்முகம். சண்முகத்திடம் பெரிய புது வண்டி. முன்னால் இழுவை விஞ்ச், சக்கரத்துக்கு அடியில் வைக்க வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பலகை, தலைக்கு ஹெல்மெட், கைக்கு உறை. சேற்றுக்குப் போகிறவன் விண்வெளிக்குப் போகிற மாதிரி கிளம்புவான். ரிஜெக்ட் அண்ணன் லுங்கியில் வருவார்.

இடம் அவிநாசிபாளையம் தாண்டி ஒரு குளம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிறு நீங்கள் எல்லோரும் வந்து நிற்பீர்கள். குளத்துக்குள் களிமண். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளத்தில் மணல். இரண்டிலும் வண்டி மாட்டும். அதற்குத்தான் போவது.

மாட்டியதும் சண்முகம் பலகையை வைப்பான். பலகை சேற்றுக்குள் போய்விடும். பிறகு பலகையைத் தேடுவோம். ரிஜெக்ட் அண்ணன் இறங்குவார். லுங்கியை மடித்துக் கட்டுவார். சேற்றைக் கையில் எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். கம்பெனிக்காரர்கள் துணியைத் தேய்த்துப் பார்க்கிற அதே மாதிரி.

"நூத்தியெம்பது ஜிஎஸ்எம்முங்க" என்பார்.

பனியன் தொழிலில் துணியின் கனத்துக்கு அப்படி ஒரு கணக்கு. சேற்றுக்குச் சொன்னது அவர் மட்டும்தான்.

பிறகு பின்னாலிருந்து ஒரு ரோலை உருட்டிவிடுவார். சக்கரத்தடியில் ஒரு முனையைச் செருகி, துணியை நீளமாக விரித்துக்கொண்டே கரை வரை நடப்பார். ஜீப் துணிமேல் ஏறி மெதுவாக வெளியே வரும். கல்யாண மாப்பிள்ளை கெட்டார்.

"ஏனுங்ணா, எந்தத் துணியா இருந்தாலும் சரிங்களா?" என்று சண்முகம் ஒரு நாள் கேட்டான்.

"அதெப்புடிங்க? களிமண்ணுன்னா ரிப்பு. மணலுன்னா பிக்கே. ஃப்ளீஸ் மட்டும் ஆகாதுங்க. தண்ணியக் குடிச்சுப்போட்டுத் தூங்கீரும்."

"இன்டர்லாக்?"

"அந்த மிஷின்ல எனக்கு ரிஜெக்டே வந்ததில்லீங்க. போட்டுப் பாக்க வழியில்ல" என்றார். குறை மாதிரிதான் சொன்னார்.

ஒரு தடவை கரையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வேற்றூர்க்காரர். குளத்திலிருந்து கரை வரை நீளமாகத் துணி விரித்திருப்பதைப் பார்த்தார். சாமி ஊர்வலம் வந்தால் தரையில் துணி விரிப்பது எங்கள் பக்கம் வழக்கம். பெரியவர் செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் கோயல் சாமிங்க வருது?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் துணிமேல் ஜீப் வந்தது. உள்ளே தலை முதல் இடுப்பு வரை சேறு பூசிய ஒரு உருவம். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். ரிஜெக்ட் அண்ணன் மரியாதை தெரிந்தவர். அவரும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பிற்று. ஹாரன் அடித்தது. ஜீப் மறுபடி சேற்றில் இறங்கியது. பெரியவர் கடைசிவரை கையை இறக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் வேலை எப்படி வரும்? பல மாதம் வரவில்லை. ஆர்டர் குறைந்துபோன நேரம். நாலு மிஷினில் ஒன்றுதான் ஓடியது. மற்றவற்றைப் பழைய இரும்புக்குக் கேட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனி இன்டர்லாக் துணி ஓட்டக் கொடுத்தது. முதல் லாட் சுத்தமாக, சொன்ன நேரத்தில் டையிங்கில் இறங்கினால் தொடர்ந்து வேலை. இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் பேச்சு.

ரிஜெக்ட் அண்ணன் மிஷினை விட்டு நகராமல் ஓட்டினார். சனிக்கிழமை முடிந்தது. ஒரு கோடு இல்லை. ஒரு கறை இல்லை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் டையிங்கில் இறக்க வேண்டும்.

ஞாயிறு காலை அந்த ரோல்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு வந்துவிட்டார்.

"டையிங்குக்கு இந்த வழிதானுங்களே? ஒரே டீசல்ல ரெண்டு வேலை" என்றார். ரோல்களுக்குப் பாலித்தீன் சுற்றி, மேலே தார்ப்பாய் கட்டி, அதன்மேல் கையைத் தட்டிக் காட்டினார். அருகில் வழக்கமான ரிஜெக்ட் ரோல் இரண்டு.

அன்றைக்குச் சண்முகத்தின் வண்டி ஒர்க்‌ஷாப்பில். விஞ்சும் அதோடு போய்விட்டது. அவன் என் டெம்போவில் வந்தான். ஹெல்மெட்டோடு வந்தான்.

ஜீப் குளத்தைச் சுற்றியது. ரிஜெக்ட் ரோல் இரண்டும் களிமண்ணில் போனது. பிறகு பள்ளத்து மணலுக்கு வந்தார். நடுவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"ஏனுங்ணா அணைச்சீங்க?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"சத்தத்துல மணல் பேசறது கேக்க மாட்டேங்குது!"

கேட்டு முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். பேட்டரி செத்துவிட்டது. ரோட்டில் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்வோம். மணலில் தள்ள முடியாது. என் டெம்போவைப் பக்கத்தில் கொண்டுபோய் ஒயர் கொடுக்க வேண்டும்.

நான் தயங்கினேன். டெம்போ என் சோறு. அதைக் குளத்தில் இறக்கியதே இல்லை.

அவர் குதிகாலால் மணலைக் குத்திப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்குது கண்ணு. எறக்கு" என்றார்.

இறக்கினேன். ஒயர் கொடுத்தோம். ஜீப் ஸ்டார்ட் ஆகி, கெட்டியான மேட்டில் ஏறி நின்றது. நான் கியர் போட்டேன். டெம்போ முன்னால் போகவில்லை. கீழே போனது. மேல்மணல்தான் காய்ந்திருந்தது. பின் சக்கரம் பாதி உள்ளே.

கரையில் ஆடு மேய்க்கும் ராசாத்தி அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் கூத்தை வாராவாரம் பார்க்கிறவர்.

"ஏனுங், இன்னைக்குப் புது வண்டியாட்டம் இருக்குது?" என்றார்.

"பழைய வண்டிதானுங்க. புதுசா மாட்டியிருக்குது" என்றான் சண்முகம்.

ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தோம். டெம்போ சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அங்கேயே சுற்றியது. இன்னும் கீழே போனது. செடியை வெட்டிப் போட்டோம். கல் போட்டோம். மணல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. சண்முகம் ஹெல்மெட்டால் மணலை அள்ளினான். அந்த ஹெல்மெட் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அப்போது ராசாத்தி அக்கா எழுந்து நின்றார். இப்போது சிரிக்கவில்லை.

"மேக்கால மழை கட்டீருக்குதுங்க. அங்க பேஞ்சா இங்க பள்ளத்துல தண்ணி வெசையா வருமுங்க. போன வருசம் ரெண்டு ஆட்டைக் கொண்டுபோயிருச்சு."

மேற்கே பார்த்தோம். கறுப்பாக இருந்தது. சிறிது நேரத்தில் மணலின் நடுவில் கை அகலத்துக்கு ஒரு ஈரக் கோடு வந்தது. கோடு நகர்ந்தது. தண்ணீர்தான்.

ரிஜெக்ட் அண்ணன் ஜீப்பைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாங்ணா" என்றேன். "வண்டி போனாப் போகுது."

"உன்ற வண்டிய எறக்கச் சொன்னது ஆரு?"

"நீங்கதானுங்ணா."

"அப்பறம் பேசாத."

தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். பாலித்தீனைப் பல்லால் கிழித்தார். முதல் ரோலை உருட்டிவிட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். ஓங்கித் தட்டினார். இன்றைக்கும் அந்த அடி நினைவிருக்கிறது.

"ஏண்ணா, ஆர்டருங்ணா!" என்று சண்முகம் கத்தினான்.

"மறுக்கா ஓட்டிக்கலாமுங்க. டெம்போவ எந்த மிஷின்ல ஓட்டறது?"

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரோல். மடித்து மடித்துச் செருகினார். மீதியைக் கரை வரை விரித்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். ஜீப் முன்னால் இழுத்தது. சண்முகம் பின்னால் தள்ளினான். ராசாத்தி அக்கா ஆட்டை விட்டுவிட்டு வந்து அவரும் தள்ளினார். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. பிறகு துணியைப் பிடித்தது. டெம்போ எழுந்தது. ஏறியது. கரைக்கு வந்துதான் நின்றது.

ரிஜெக்ட் அண்ணன் ஜீப்பிலிருந்து குதித்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா! இன்டர்லாக் நெம்ப நல்லாப் புடிக்குதுங்க!"

பின்னால் பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. துணியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம்.

அதை அள்ளிப்போட்டுக்கொண்டு நேராக டையிங்குக்குப் போனார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. டையிங் மாஸ்டரிடம் நின்று பேசினார்.

"எப்புடியும் தொவைச்சுத்தானுங்களே சாயம் போடுவீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இதையும் தொவைச்சுப் போடுங்க."

மாஸ்டர் துணியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். ஒரு நத்தை கீழே விழுந்தது.

"என்ன கலருங்க ஆர்டரு?"

"வெள்ளைங்க."

"எதுக்குங்க துணி?"

"பொறந்த கொழந்தைக்குச் சட்டை தைக்கறதுக்குங்க."

மாஸ்டர் நத்தையைப் பார்த்தார். ரிஜெக்ட் அண்ணனும் பார்த்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் நத்தையைப் பார்த்தோம்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மிஷின்ல ஏத்துவேனுங்க" என்றார் மாஸ்டர். "அதுக்குள்ள நல்ல துணி வந்தா உங்க லாட்டு. இல்லீன்னா அடுத்த கம்பெனி லாட்டு. நான் ஒண்ணும் பாக்கலீங்க."

ராயபுரத்துக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் அவர் மனைவி ரோல்களைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த ஜீப்ப வித்துப்போடலாமுங்களா?"

"மொதல்ல மிஷினப் போடு சாமி. அப்பறம் பேசலாம்."

அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு மிஷினுக்குப் போனார்.

நூல் போதவில்லை. அதே கம்பெனியின் நூல் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் வாசலில் நின்றார். "சேத்துல போட்டீங்களாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு நூல் கொடுத்தார்கள். நான் டெம்போவில் ஏற்றி வந்தேன். சண்முகம் சுமந்து கொடுத்தான். ஒன்றுக்கு இரண்டு மிஷின் ஓடியது. ஊசி ஒன்று உடைந்தது. சத்தம் மாறிய அந்த நொடியே அவர் மிஷினை நிறுத்திவிட்டார். ஊசியை மாற்றினார். அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்து, கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினார். உட்காரவே இல்லை. உட்காரச் சொன்னேன். அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்.

விடிந்து எட்டு மணிக்குக் கடைசி ரோல் இறங்கியது. ஒரு கோடு இல்லை. ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. டெம்போவில் ஏற்றினோம்.

"நீங்க ஊட்டுல படுங்ணா. நான் எறக்கிட்டு வர்றேன்" என்றேன்.

"என்ற துணிக்கூட நான் வரோணுமுங்க" என்று ரோல்கள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பினேன். அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன வார்த்தை என்று தெரியவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. தெரு முனையில் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோலைக் கட்டிப்பிடித்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

டையிங்குக்குப் போகிற நேர்வழி முழுக்கக் குழி. நேரம் இருந்தது. சுற்று வழியில், நல்ல தார் ரோடாகப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.