எங்கள் வயல் வீரன்

என் மனைவி ரோஸ்லின் இல்லாத சபையில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை பேசிவிடுவது என்று சபதம் செய்தேன்.

வில்லியனூரில் மாதந்தோறும் வரலாற்றுச் சொற்பொழிவு நடக்கும். ஒதியம்பட்டிலிருந்து இருவரும் போவோம். பேச்சு முடிந்ததும் ரோஸ்லின் கேள்வி கேட்பாள். போன மாதம் ஒரு பேராசிரியர், அவள் கேள்விக்குப் பதிலாக மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

இந்த மாதம் பேச்சாளர் நான். எங்கள் வயலில் கிடைத்த கல்தான் தலைப்பு. கைதூக்கி நிற்கும் ஒரு மனிதன். கீழே நான்கு வரி பழைய எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? போர்வீரன், என் மூதாதை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் ரோஸ்லின் முன்னால் ஒத்திகை பார்த்ததுதான் தப்பு.

"தூக்கின கையில இன்னா இருக்கு?"

"வாள்."

"எங்க, காணோமே?"

"தேஞ்சிடுச்சி."

"கை அப்படியே இருக்கு. வாள் மட்டும் தேஞ்சிச்சா?"

வீட்டிலேயே எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அப்போதுதான் அந்தப் பொய் உதித்தது.

"ரோஸு, கூட்டத்த பாகூர் ஏரிக்கரைக்கு மாத்திட்டேன். நீ முன்னால பஸ்ல போ."

"எல்லாருக்கும் சொல்லணுமே?"

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க பேச்சப் பாருங்க. மத்தத நான் பாக்கறேன்."

கூட்டத்தன்று மதியம் பஸ் ஏறினாள். நான் புது வேட்டியில் வில்லியனூர் மண்டபத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. கதவில் ஓர் ஓணான். நான் பேச்சை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது அது மட்டும் தலையாட்டியது.

போன் அடித்தது. கூட்டம் நடத்தும் கலைச்செல்வன்.

"சார், எங்க இருக்கீங்க? நீங்க எடத்த மாத்திட்டீங்கன்னு அம்மா காலையிலயே எல்லாருக்கும் போன் பண்ணிட்டாங்க. மைக் செட்டோட ஏரிக்கரையில நிக்கறோம். செம கூட்டம்!"

பின்னால் மைக்கில் ரோஸ்லின் குரல். கல்மேல் ஈரக் காகிதம் ஒற்றி, மை தடவிப் படியெடுத்திருக்கிறாள். மாதாமாதம் சொற்பொழிவுகளில் குறித்துவந்த பழைய எழுத்துகளை வைத்து, நான்கு வரியையும் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் அவள் கல்லைப் படிக்கிறாள். நான் அவள் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் படித்ததில்லை.

"இன்னா எழுதியிருக்காம்பா?"

"மடையத் தொறந்து தண்ணி திருடின ஆளாம் சார். இனிமே செய்யமாட்டேன்னு கையத் தூக்கினு நிக்கறாராம்."

ஏரிக்கரையே கைதட்டியது. என்னை அறியாமல் நானும் தட்டினேன். ஓணான் ஓடிவிட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா? நன்றியுரைக்கு ஆள் இல்ல. வந்துடறீங்களா?"