இறுதிப் பகுதியைத் தனியே பார்த்த பாதகன்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அறங்கள் அனைத்திலும் தலையாயது, துப்பறியும் தொடரைத் துணையின்றிப் பாராமையே. ஈகையும் விருந்தோம்பலும் அதற்குப் பின்னர்தான் வரிசையில் நிற்க வேண்டும். மணமாகித் தலை நரைத்த பின்னும் நானும் என் மனையாளும் இவ்வறத்தினின்று வழுவாது ஒழுகினோம். மாலைதோறும் ஒரே சோபா, ஒரே போர்வை, ஒரே கொலை. திரையில் கத்தி மின்னும்போது நான் அவள் கையை இறுகப் பற்றுவேன். ‘மனைவிக்குத் தைரியமூட்டல்’ என்று அச்செயலுக்கு நானே பெயர் சூட்டியிருந்தேன்.

இத்தகு கற்புக்குக் களங்கம் நேர்ந்தது அலுவலகத்தில். நான் ‘விதிமுறைத் திருத்தப் பிரிவின்’ கண்காணிப்பாளன்; மக்கள் நலன் கருதி அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக்கும் அரும்பணி என்னுடையது. உணவு இடைவேளையில் தட்டச்சர் திருவாய் மலர்ந்தார்.

“சார், கொலைகாரன் யாருன்னு தெரியுமா? அந்த…”

“ஐயா, வேண்டாம்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

கையிலிருந்த கோப்பால் அவர் வாயைப் பொத்தினேன். முடிவைப் பிறர் வாயால் கேட்பது இழிவன்றோ? ஆகவே கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒண்டி நின்று, நாங்கள் பார்த்துவந்த தொடரின் இறுதிப் பகுதியைக் கைப்பேசியில் நானே பார்த்து முடித்தேன். இது துரோகமன்று; தற்காப்பு.

அன்று மாலை அதையே மனையாளோடு ‘முதன்முறையாக’ப் பார்த்தேன். வியந்தேன், உச்சுக்கொட்டினேன், ஐயுற வேண்டியவர்களையெல்லாம் முறைப்படி ஐயுற்றேன். இருட்டறைக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. கத்தி பாய்ந்தது. மனையாள் வீடதிர அலறினாள். நானோ வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சி அணைந்தது.

“ஏங்க, இப்படித் திரும்புங்க. முன்னாடியே பாத்துட்டீங்கதானே?”

“சேச்சே! யார் சொன்னா?”

“பல்லி விழுந்தாலே என் மேல ஏறி உக்கார்ற மனுஷன் நீங்க. அங்க கழுத்துல கத்தி எறங்குது, இங்க கடலை ஊதுறீங்க! இனிமே உங்க பக்கத்துல உக்காந்து எதையும் பாக்கமாட்டேன். போங்க!”

ஊடல் பிறந்தது. செய்யுளில் ஊடும் தலைவி மலரைக் கிள்ளி எறிவாள். என் தலைவி போர்வையைச் சலவைக்குப் போட்டாள். சோபாவின் நடுவே துணிக்கூடை மதிலென எழுந்தது. மறுநாளோ அவள் சோபாவையே துறந்து, படுக்கையறையில் காதில் ஒலிப்பானைச் செருகியபடி, எதையோ பார்த்துத் தனியே நகைத்தாள். கூடத்தில் நான் புதியதொரு தொடரைத் தொடங்கினேன்; முதற்பிணம் கிடைக்கும் முன்பே அணைத்துவிட்டேன். பற்றுவதற்கு அங்கே துணிக்கூடையின் கைப்பிடிதான் இருந்தது.

ஞாயிறன்று வழக்கறிஞரான மகள் வந்தாள். ‘உயர்மட்ட விசாரணைக் குழு’ உணவு மேசையில் கூடியது.

“அப்பா, குத்தத்தை ஒத்துக்கறீங்களா?”

“நான் சூழ்நிலைக் கைதிம்மா.”

“சரி. அம்மா, உன் தரப்பு?”

மனையாள் மேசைமேல் கையை நீட்டிக் காட்டினாள். “பாத்தது கூடப் பரவாயில்லடி. மனுஷன் பயந்துடுவாரேன்னு, அந்தக் கதவு தெறக்கறதுக்கு முன்னாடியே கையை நீட்டி வெச்சேன். இவர் பிடிக்கவே இல்ல.”

என் நெஞ்சம் நீராய் உருகியது. மகளோ வழக்கறிஞர், உருகவில்லை.

“கதவு தெறக்கும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

மனையாள் காலிக் கிண்ணத்தைக் கரண்டியால் கிண்டினாள்.

“அது வந்து… காலையில துணி மடிக்கும்போது சும்மா போட்டு விட்டேன்…”

“பாதகி!” பேரானந்தத்தோடு எழுந்தேன். “நீயும் பாத்துட்டியா? அப்புறம் எதுக்கு வீடே அதிர்ற மாதிரி அலறினே?”

“நீங்க பாக்கலைன்னு நெனச்சுத்தான் அலறினேன். உங்க சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்?”

குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கலைந்தது. துணிக்கூடை கீழிறங்கியது. மனையாள் என்னருகே வந்து அமர்ந்தாள். பொங்கிய களிப்பில், மேலதிகாரியொருவர் மின்தூக்கியில் சிக்கிய என் புகழ்பெற்ற நகைச்சுவைத் துணுக்கை எடுத்துவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் மல்கச் சிரித்தாள். மணமான நாள்முதல் அத்துணுக்குக்கு அவள் சிரிக்காத நாளில்லை. இப்படியொரு சுவைஞரை மனைவியாய்ப் பெற என்ன தவம் செய்தேனோ என்று மெய்சிலிர்த்து, அவள் கையைப் பற்றினேன்.

பற்றிய பின்னர்தான் உறைத்தது: நான் சொல்லிக்கொண்டிருந்த துணுக்கில் அதிகாரி இன்னும் மின்தூக்கிக்குள் நுழையவே இல்லை.