தொட்டிக்கு நாலு பூச்சி

காலை ஆறரை மணி நிலவரப்படி, இன்பம் அவர்களின் எலுமிச்சைத் தொட்டியில் இருந்த மாவுப்பூச்சிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணியவர் சிவகாசி பொன்னொளி அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சங்கரலிங்கம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை எண்ணி, பதிவேட்டில் எழுதி, கீழே கோடு போட்டார்.

இன்பம் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்கனியில் அவர் வளர்த்த எலுமிச்சையில் பதினோரு காய்கள் தொங்கின. இன்னும் மூன்று வாரத்தில், நவம்பர் பதினாறாம் தேதி, சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஏலம் விடுவார்கள். இந்த வருடம் செடியைத் தொட்டியோடு கொண்டுவருவதாக இன்பம் போதகரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"சோப்புத் தண்ணியில பஞ்சை முக்கித் துடைச்சா பத்து நிமிஷத்துல தீர்ந்துரும் அண்ணாச்சி. கீழ் வீட்டுப் பாண்டிமீனாதான் கொடியில காயுற துணியில சொட்டும்னு சத்தம் போடுறா. துணியை எடுக்கச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"துணி சின்ன விஷயம் சிஸ்டர். இங்கன கூட்டம் கூடுதலா இருக்கு."

சங்கரலிங்கம் முப்பது வருடம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம். அதைச் சுவரிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தினமும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் நடக்கும் எல்லாக் கேட்டுக்கும் காரணம் ஐந்தாவது ஆள்தான் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

"தொட்டிக்கு நாலு. மிச்சம் இருநூத்தி எட்டும் விதிமீறல்."

"அதைத்தான் கொல்லணும்ங்கேன்."

"ஒரு ரூம்ல பத்துப் பேரு உக்காந்து பட்டாசுக்கு மருந்து செலுத்துறாகன்னு வைங்க. கண்டுபிடிச்சா என்ன செய்வோம்? ஆறு பேரைக் கொன்னா போடுவோம்? வேற ரூமுக்கு மாத்துவோம்."

இன்பம் பஞ்சை எடுத்து வருவதற்குள் பொதுக்குழு கூட்டப்பட்டுவிட்டது.

தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடந்த நேரம். யாருக்கும் வேலை இல்லாததால் கூட்டத்துக்கு எல்லா வீட்டாரும் வந்தார்கள். அடுக்ககத்தில் ஐம்பத்து நாலு வீடுகள். ஒன்றில் சங்க அலுவலகம். மிச்சம் ஐம்பத்து மூன்று. சங்கரலிங்கம் கரும்பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டை நாலால் வகுத்துக் காட்டினார். ஐம்பத்து மூன்று வந்தது. மீதி பூஜ்ஜியம். பேரவை கைதட்டியது. வகுத்தால் மீதி வராத திட்டம் தப்பாக இருக்க முடியாது என்று எல்லோருக்கும் பட்டது. வீட்டுக்கு நாலு பூச்சி வீதம் பகிர்ந்தளிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அனுமதிக்கப்பட்ட பூச்சிகள்: 4" என்று தொட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரைத் தம் அன்பளிப்பாகத் தருவதாக அச்சக அதிபர் ராஜபாண்டியன் அறிவித்தார்.

"அம்பத்து மூணு அடிச்சாப் போதும்யா," என்றார் சங்கரலிங்கம்.

"அம்பத்து மூணா? அதுக்கு மிஷினே சூடாகாது அண்ணாச்சி. அஞ்சாயிரம் ஓட்டிருவோம். ஓரத்துல ஜிகினா போட்டுருவோம்."

செடியே வைத்திராத பதினேழு வீட்டார் அன்று மாலையே தொட்டி வாங்கப் புறப்பட்டார்கள். பூச்சி வரும் நாளில் வெறும் பால்கனியோடு நிற்பது கௌரவமாக இருக்காதல்லவா?

இடமாற்றப் பணி இன்பத்திடமே ஒப்படைக்கப்பட்டது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, காலித் தீப்பெட்டிகளில் நாலு நாலாகப் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அத்தனை வருடமும் அவருடைய உத்தியோகம். நாலாவது மாடியில் அது ஞாபகத்துக்கு வந்தது. கூடவே, தன் எலுமிச்சை இப்போது பளிச்சென்று இருப்பதும் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாவது மாடிக்கு ஏறினார்.

மறுநாளே புகார் வந்தது. பாண்டிமீனா தொட்டியைத் தூக்கிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எங்களுக்கு மூணுதான் வந்திருக்கு. மேல் மாடிக்காரவுகளுக்கு மட்டும் கொழுத்ததாப் பாத்துக் குடுத்திருக்காக!"

"எண்ணித்தான்டி குடுத்தேன். ஒண்ணு இலைக்கு அடியில இருக்கும்," என்றார், கையெழுத்துப் பட்டியலைக் கொடுக்க அங்கே வந்திருந்த இன்பம்.

"எங்க, காட்டுங்க!"

இலையைத் திருப்பியதும் நாலாவது அகப்பட்டது. பாண்டிமீனா அதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் தொட்டியோடு திரும்பினார்.

இரண்டு வாரத்தில் பொன்னொளியின் ரோஜாவும் செம்பருத்தியும் குரோட்டன்சும் மாவு தூவியதுபோல வெளுத்துவிட்டன. இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஸ்டிக்கரில் நாலு என்று இருந்ததால் பதிவேட்டிலும் நாலு என்றே ஏறியது. சுவரில் நாலு என்று எழுதியிருக்கும் அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது இந்தப் பக்கம் வழக்கமில்லை.

இன்பம் மட்டும், பாண்டிமீனா கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தன் பங்கு நாலையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து எறிந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி, தொட்டியை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு கேட்டார். சீட்டுக்கு முன் ஆய்வு என்றார் சங்கரலிங்கம். ஒவ்வொரு இலையாகத் திருப்பினார்.

"நாலு பேரு எங்க சிஸ்டர்?"

"துடைச்சுட்டேன் அண்ணாச்சி."

"ஒருத்தருகூட மிச்சமில்லையா?"

"பூச்சி அண்ணாச்சி அது!"

"ஒரே ரூம்ல நாலு உசுரு..." என்றார் சங்கரலிங்கம். ஆலையில் இப்படி நடந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பால்கனிக் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். எலுமிச்சை கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

மாலையில் கீழ்த்தளத்தில் இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. ராஜபாண்டியன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்திருந்தார். நாலு பேர் முகமும் ஒரே சாயலாக இருந்ததால் ஒரே படத்தை நாலு இடத்தில் போட்டுவிட்டார். உறவினர் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பண்டிகை அண்ணாச்சி. போதகர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"விசாரணை முடியட்டும்."

"தண்ணியாவது ஊத்த விடுங்க. செடி என்ன பாவம் செஞ்சது?"

"சம்பவ இடத்துல தண்ணி ஊத்துனா தடயம் போயிரும்."

இன்பம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான சிஸ்டர்," என்றார் பாண்டிமீனா, ஆறுதலாக.

ஞாயிற்றுக்கிழமை இன்பம் மார்க்கெட்டில் பதினோரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். வீட்டில் விளைந்ததா என்று போதகர் கேட்டார். இன்பம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

2026 பிப்ரவரி 12, வியாழக்கிழமை, விசாரணை அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. நடந்தது விபத்து, அதற்கு யாரும் பொறுப்பல்ல என்று அதில் கண்டிருந்தது. இன்பத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஐம்பத்து மூன்று வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து இன்பத்துடையது. அன்று மாலை முத்திரை உடைக்கப்பட்டு, காய்ந்த செடி அப்புறப்படுத்தப்பட்டது.