நடுக்கம் வேறு, பயம் வேறு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும், எல்லோருக்கும் மேலாக நம் பேத்தியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் வலது கை மட்டும் நலத்துக்கும் அதன் எதிர்ப்புறத்துக்குமாக ஆடிக்கொண்டிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தங்களுக்குக் காப்பி கொடுக்கும்போது நேர்ந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். கப் சாஸரில் தாளம் போட்டதும், காப்பி தங்கள் வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியதும், தாங்கள் துள்ளி எழுந்து, "என்ன சம்பந்தி, என்னைப் பாத்தா அவ்வளவு பயமா? கப்பையே பிடிக்கத் தெரியல, பேத்திய எப்படிப் பிடிப்பீங்க?" என்றதும் நினைவிருக்கும். வேடிக்கையாகத்தான் கேட்டீர்கள். ஆனால் ஆயுள் முழுவதும் பிளாட்பாரத்தில் ரயில்களை அறிவித்த குரல் அல்லவா, வீட்டார் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை வரை குழந்தை எல்லோர் கைக்கும் போயிற்று, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் கைக்குக்கூட. என் முறை வந்தபோது மட்டும் என் மகள், "அப்பா, நீங்க தூரத்துலேருந்தே கொஞ்சுங்க" என்றாள். நானும் தூரத்திலிருந்து கொஞ்சினேன். அவ்வளவு தூரத்திலிருந்து கொஞ்சுவது, கடை மூடிய பிறகு கண்ணாடி வழியாகப் பொம்மை பார்ப்பது போலிருக்கிறது.

ஆகவே, நடுக்கம் வேறு, பயம் வேறு என்று நிரூபிக்க, மனைவியோடு நரம்பு மருத்துவரிடம் போனேன். இளம் டாக்டரம்மா. முதல் கேள்வியே, "கை சும்மா இருக்கும்போது நடுங்குதா, வேலை செய்யும்போது நடுங்குதா?" என்பதுதான். நான் யோசித்துச் சொல்வதற்குள் என் மனைவி, "இவர் எப்ப வேலை செஞ்சாரு, எங்களுக்குத் தெரியறதுக்கு?" என்றாள். வைத்தியமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறதாம். மடியில் சும்மா கிடக்கிற கை ஆடினால் நடுக்குவாதமோ என்று பார்ப்பார்களாம்; அதற்கு, மூளையில் குறைந்துபோன சரக்கை ஈடுகட்டும் மாத்திரை. வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தால் வந்த ஆட்டமானால் அந்த மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டும், தைராய்டால் வந்ததானால் தைராய்டைக் கவனிக்க வேண்டும், தலையோ குரலோ ஆடினால் சிலருக்கு ஊசி போடுவார்களாம், எதற்கும் அடங்காத நடுக்கத்துக்கு மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி பொருத்துவார்களாம். "அதுல பாட்டு கேக்குமா டாக்டர்?" என்றாள் என் மனைவி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அதே சந்தேகம்.

காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். "இது சுருளா, கோழி கிளறினதா?" என்றாள் இவள். மடியில் வைத்தால் கை பெட்டிப்பாம்பாகக் கிடக்கிறது, தூக்கினால்தான் ஆடுகிறது, என் தகப்பனாருக்கும் இருந்தது. ஆகவே இது பரம்பரைச் சொத்தென்றும் உயிருக்கு ஆபத்தில்லையென்றும் டாக்டரம்மா சொன்னார். இதற்கு முதலில் கொடுப்பது ரத்தக்கொதிப்புக்கான ஒருவகை மாத்திரையாம். எனக்கு மூச்சிளைப்பு உண்டென்பதால் அது ஆகாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஒன்றைச் சிறிய அளவில் எழுதித் தந்தார். காப்பியைக் குறைக்கவும் சொன்னார். "மத்தவங்க மேல ஊத்தறதையும் சேத்தா டாக்டர்?" என்று இவள் கேட்டாள். "பயந்தா, பதறினா இந்த நடுக்கம் கூடும். உங்களுக்கு யாரையாவது கண்டா பயமா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்க, "பட்டியல் வேணுமா?" என்றாள் இவள். அந்தப் பட்டியலை இங்கே எழுத அவசியமில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கனமான கரண்டியால் சாப்பிடுங்கள், மணிக்கட்டில் எடை கட்டிப் பாருங்கள், சிலருக்கு எடை ஏறினால் ஆட்டம் குறையும் என்றார். நான் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன்; கடைக்காரர்களுக்குப் பயந்துகொண்டே அவர்கள் தராசைச் சோதித்தவன். வெறும் தட்டில் தராசு முள் ஒரு மூச்சுக்கும் துடிக்கும், எடையை வைத்தால் சாதுவாக நிற்கும். அப்படிப்பட்ட நல்ல எடைக்கல் ஒன்று, நம் இரு குடும்பத்துக்கும் பொதுவாக, தங்கள் வீட்டில் இருக்கிறது. ஐந்தரை கிலோ என்று மகள் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை என் மடியில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்து, இரு பக்கமும் தலையணை வைத்து, என் மனைவியின் மேற்பார்வையில். இந்த இரண்டாம் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக நிற்பதைத் தாங்களே பார்க்கலாம். மாத்திரை வேலை செய்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் வாழ்த்துகள். பேத்திக்கு என் ஆசிகள், தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மாத்திரை கடையில் தீர்ந்துவிட்டது; நாளைதான் வருமாம், நான் இன்னும் ஒன்றுகூட விழுங்கவில்லை. உண்மை என்னவென்றால், முதல் பக்கம் முடிந்தபோது, இதைத் தங்களுக்கு அனுப்பப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த நிமிடமே கை நின்றுவிட்டது. இது இப்போது தங்கள் கையில் இருக்கிறதென்றால், என் மனைவி எடுத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள் என்று பொருள். ஆகவே வேண்டுகோளில் சிறு திருத்தம்: குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, தாங்கள் தயவுசெய்து அடுத்த அறைக்குப் போய்விடவும். கதவையும் சாத்திக்கொண்டால் நலம்.