மைக் முன்னால் செம்மல்

வீட்டு மானம் வாசலைத் தாண்டக்கூடாது என்று செம்மல் சபதம் எடுத்தபோது, அது ஏற்கெனவே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

டீக்கடைக்காரரே கேட்டுவிட்டார். "சார், படி எறங்கணுமா? கை புடிக்கவா?"

காரணம் அவன் மனைவி சத்யபிரியா. மாதம் ஒரு சனிக்கிழமை டவுனில் 'நடந்தது நடந்தபடி' என்று ஒரு கூட்டம். ஆளுக்கு எட்டு நிமிஷம். தனக்கு நடந்த உண்மைக் கதையை மைக்கில் சொல்ல வேண்டும். அவள் சொன்னது சித்தன்னவாசல் கதை. பாறையில் ஏறிய செம்மல் பயந்துபோய், பாதியில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்துகொண்டதையும், டூர் வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவனைக் கைபிடித்து இறக்கியதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள்.

வல்லத்திராக்கோட்டை வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைச் சோபாவில் எறிந்தான்.

"என்னைக் கேக்காம என் கதைய எப்புடிடி சொன்ன?"

"ஒங்க கதையா? நீங்கதான் கண்ணை மூடிட்டீங்களே. முழுசாப் பாத்தவ நான். அப்ப அது என் கதைங்க."

"ஊரே சிரிக்குது!"

"நல்லா சொன்னேன்ல?"

செம்மலுக்குக் காது மடல் கொதித்தது. "அடுத்த மாசம் நானும் ஏறுறேன். நீ ஸ்கூட்டி பழகுன கதைய அவுத்து விடுறேன் பாரு!"

அவள் முகம் வாடியது. "அது மட்டும் வேணாங்க."

அந்த வாட்டம் போதாதா? பத்து நாள் குளியலறைக்குள் ஒத்திகை. பக்கத்து வீட்டுச் செபமாலையின் வைக்கோல்போருக்குள் அவள் ஸ்கூட்டியோடு புகுந்தது, வெளியே வந்து "போருதான் குறுக்க வந்துச்சு" என்று அவரிடமே சண்டை பிடித்தது, எல்லாம் மனப்பாடம். அந்தச் சண்டையால்தான் அது வைக்கோல் 'போர்' என்று ஒரு சிலேடையும் வைத்திருந்தான்.

வெளியிலிருந்து அவளே சொன்னாள்: "போருன்னதும் கொஞ்சம் நிறுத்துங்க. அப்பத்தான் சிரிப்பாங்க."

பாவம், திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம். அவன் ஆறாவது ஆள். ஐந்தாவதாக ஏறியவள் சத்யபிரியா. வைக்கோலில் தொடங்கினாள். அவன் சிலேடை, அவன் நிறுத்தம், எதுவும் மிச்சமில்லை. முன்வரிசையில் செபமாலையே துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அடுத்து செம்மல். கையில் மைக் இருந்தது. வாயில் கதை இல்லை.

"இவ என் கதையத் திருடிட்டா!" என்று கத்தினான். "பாத்ரூம்ல பத்து நாளு நின்னு தயார் பண்ணேன்யா!"

அரங்கம் அதிர்ந்தது.

"சிரிக்காதீங்க! நான் நெசமாவே கோவமா இருக்கேன்!"

விசில் பறந்தது.

திரும்பி வரும் வழியில் பைக்கை ஓரம் கட்டினான். "இந்தா பாரு. இனிமே மேடையில என் பேரு ஒன் வாயில வரக்கூடாது."

"வராதுங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. 'எங்க வீட்டுக்காரரு'ன்னு மட்டுந்தான் சொல்லுவேன். இன்னைக்கு நடந்ததச் சொல்ல, அடுத்த மாசத்துக்குப் பேரு குடுத்துட்டுத்தான் வாரேன்."