ஓடினால்தான் பறக்கும்

முப்பத்திரண்டு வருஷம் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பெயர் கஸ்தூரிரங்கன். மயிலாப்பூரில் இன்னமும் சிலர் என்னைக் கேப்டன் என்பார்கள். வீட்டில் அந்தப் பதவி என் மனைவி விஜயலக்ஷ்மியிடம் இருக்கிறது.

அறுபத்தோராவது பிறந்தநாளன்று ஒரு தீர்மானம் செய்தேன். மறுபடியும் பறப்பது. தலைக்கு மேலே பாராசூட் மாதிரி ஒரு துணி, முதுகில் மோட்டார், நடுவில் நான். பாராமோட்டார் என்று பெயர். கோவளத்தைத் தாண்டி ஒரு மைதானத்தில் மெஹபூப் பாஷா என்பவர் சொல்லித் தருகிறார்.

விஜியிடம் சொன்னால் விடமாட்டாள். "ஆதம்பாக்கத்துல ஒரு சஹஸ்ரநாம கோஷ்டி இருக்கு. தினம் கார்த்தால போலாம்னு பாக்கறேன்" என்றேன்.

"நல்ல காரியம். போய்ட்டு வாங்கோ" என்று பிரசாதத்துக்கு ஒரு டப்பா கல்கண்டும் கொடுத்தாள். பாஷாவும் நானும் தின்றோம்.

"கேப்டன் சார், பிளேன் பழக்கத்தையெல்லாம் செருப்போட வெளியவே விட்டுட்டு வாங்க" என்றார் பாஷா.

எங்கே விடுவது? பதற்றம் வந்தால் என் கை விமானத்தின் மூக்கை இறக்கத் துடிக்கும். இதற்கு மூக்கே கிடையாது. மேலே போக வேண்டுமென்றால், விமானத்தில் செய்வது போல, துணியிலிருந்து தொங்கும் இரண்டு பிடிகளையும் கை தானாகப் பின்னால் இழுக்கும்.

"சார், அது பிரேக்கு. ரெண்டையும் அப்படி இழுத்தா மேல போக மாட்டீங்க. ஒரேயடியா மேலோகம்தான்."

"சரி, எப்போ பறக்கலாம்?"

"பிளேன்ல உக்காந்தா பறக்கும் சார். இதுல ஓடுனாத்தான் பறக்கும். ஓடுங்க."

ஓடினேன். முதலில் துணியோடு. பிறகு முப்பது கிலோ மோட்டாரோடு, கையில் அதன் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலோடு. என்னோடு சேர்ந்த சாருலதா என்ற பெண் பத்தாம் நாளே பறந்துவிட்டாள். நான் நாற்பதாம் நாளும் ஓடிக்கொண்டிருந்தேன். என் பாண்ட் மட்டும் தனியாக இறங்க ஆரம்பித்திருந்தது.

வீட்டில் விஜி என் ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆதம்பாக்கத்துல மணல் ஜாஸ்தி போலிருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பாஷாவைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லுங்க. என்னை ஏன் பறக்க விடல?"

பாஷா தலையைச் சொறிந்தார். "எம்பது கிலோவுக்கு வந்தாத்தான் விடணும்னு மேடம் சொல்லிக்கீறாங்க. நீங்க எம்பத்தொண்ணு."

"எந்த மேடம்?"

"உங்க வூட்டு மேடம்தான். ஃபாரத்துல, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்ன்ற எடத்துல அவங்க நம்பரைத்தானே எழுதுனீங்க. சரியான்னு பாக்க மொத நாளே போன் பண்ணேன்."

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாக எழுதியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். விஜி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"டாக்டர் மூணு வருஷமா நடங்கோ நடங்கோன்னார். நாகேஸ்வர ராவ் பார்க் வரைக்கும் நடக்க மாட்டேள். பாஷா சொன்னா மோட்டாரைக் கட்டிண்டு ஓடறேள். நான் எதுக்குக் குறுக்க வரணும்?"

"பயமா இல்லையா உனக்கு?"

"நீங்க வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பயந்தாச்சு. போறும். இன்னும் ஒரு கிலோதான். ராத்திரிக்குச் சாதம் கிடையாது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மைதானத்துக்கு வந்தாள். நான் ஓடினேன். தரை போனது தெரியாமல் கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே சவுக்குத் தோப்பு, அப்பால் படகுகள், கடல். கதவில்லை, கண்ணாடியில்லை. இத்தனை வருஷம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனவன், அன்றுதான் அதைத் தொட்டேன். கண் கலங்கியது. காற்றினால்தான்.

ஹெல்மெட்டுக்குள் வாக்கி டாக்கி கரகரத்தது. பாஷாவின் குரலை எதிர்பார்த்தேன்.

"ஏன்னா, போறும். இறங்குங்கோ."

"இன்னும் பத்தே நிமிஷம் விஜி."

"கைல இருக்கிற த்ராட்டிலை விட்டா தானா இறங்கிடுமாமே. விடுங்கோ."

விட்டேன்.